பரு முகத்திலா, மனசிலா?

ஆபீஸில் குரூப் போட்டோ என்றால் கடைசி வரிசையில், உயரமான ஆளுக்குப் பின்னால் பதுங்குகிறீர்களா? 'என்னப்பா, முகத்துல பல்லாங்குழியா?' என்று கேட்கிற நண்பருக்கு அது ஜோக். உங்களுக்கோ அன்றைக்குத் தூக்கம் போச்சு!

இது வெறும் அழகுப் பிரச்னை இல்லை ஸார். தோல் டாக்டரிடம் வந்த பரு நோயாளிகளின் மனக்கஷ்டம், ஆஸ்துமா, வலிப்பு, சர்க்கரை நோயாளிகளின் கஷ்டத்துக்குக் குறைந்ததில்லை என்று பிரிட்டனில் 1999-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

பருவைக் கிள்ளாதீர்கள், தழும்பாகிவிடும். மருந்துக்கடையில் தானாக வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு க்ரீம் வேண்டவே வேண்டாம். அதுவே பருவைக் கிளப்பிவிடும்! தோல் டாக்டரைப் பாருங்கள். பலன் தெரிய இரண்டு, மூன்று மாதம் ஆகலாம்; பொறுங்கள். 'வெளியே போகவே பிடிக்கலை டாக்டர்' என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்கும் வைத்தியம் உண்டு.

அடுத்த போட்டோவுக்கு முன்வரிசைக்கு வாங்க!