ரெயிலேறும் லாரிகள்

காவேரியின் கீழ்க்கரையில், பவானிக்கு எதிரே அமைந்த குமாரபாளையம் விசைத்தறிகளின் ஊர். இங்கே நெய்யப்படும் லுங்கியும் துண்டும் வடதேசத்துக் கடைவீதிகள் வரையில் செல்கின்றன. ஆயினும் இவ்வூரை ரெயில் தொடவில்லை. நூல் வருவதும் துணி போவதும் சேலம்-கொச்சி நெடுஞ்சாலையில் ஓடும் லாரிகளால்தான். பக்கத்திலுள்ள சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு ஆகிய ஊர்களிலோ லாரித் தொழிலையே ஜீவனோபாயமாகக் கொண்ட குடும்பங்கள் அனந்தம். அதே சங்ககிரி வழியாக 1860-களிலேயே சென்னை ரெயில்வே கம்பெனியார் இரும்புப் பாதை போட்டுவிட்டனர். இவ்வளவு அருகிலிருந்தும் லாரியும் ரெயிலும் ஒன்றையொன்று போட்டியாகவே பார்த்து வந்திருக்கின்றன. அவை கூட்டாளிகளாக முடியாதா என்பதே நாம் இன்று ஆராய விரும்பும் விஷயம்.

முடியும் என்பதற்குக் கொங்கண ரெயில்வே சாட்சி. 1999-ஆம் வருஷம் ஜனவரி 26 அன்று அந்த ரெயில்வே, மகாராஷ்டிரத்தின் கோலாடிலிருந்து கோவாவின் வெர்ணாவுக்கு, சரக்கேற்றிய லாரிகளை அப்படியே தட்டை வாகன்களில் சுமந்து செல்லத் தொடங்கிற்று. பிறகு மங்களூரை அடுத்த சூரத்கல் வரையில் இந்த ஏற்பாடு நீண்டது. தூரம் 700 கிலோமீட்டருக்கு மேல். செய்முறை எளியது. ரெயிலின் கடைசியில் அமைந்த சாய்தளத்தின் மீது லாரி ஏறி, வாகனுக்கு வாகன் முன்னேறித் தன் இடத்தில் நிற்கும். சக்கரங்களுக்கு அடை கொடுத்துச் சங்கிலியால் பிணைப்பார்கள். டிரைவரும் கிளீனரும் தங்கள் லாரியிலேயே இருப்பார்கள். மலைப்பாதை வளைவுகளில் இரவெல்லாம் கண் விழித்து ஓட்டவேண்டியவர், அந்த இரவில் உறங்கிப் போகிறார். டீஸலும் டயரும் மிஞ்சுகின்றன. 2020-இல் பெங்களூரை அடுத்த நெலமங்கலத்திலிருந்து சோலாப்பூர் அருகிலுள்ள பாலேவுக்கும் இத்தகைய ரெயில் விடப்பட்டது.

மேனாடுகளில் இதன் சரித்திரம் பழையது. 1872-இல் அமெரிக்காவில் பார்னம் சர்க்கஸ் கம்பெனியார் தங்கள் வண்டிகளை ரெயிலில் ஏற்றி ஊர் ஊராகச் சென்றனர். ஒரு முனையிலிருந்து வரிசையாக ஏற்றும் முறைக்கு அங்கே இன்றும் சர்க்கஸ் முறை என்றே பெயர். 1926-இல் சிக்காகோ-மில்வாக்கி மார்க்கத்தில் லாரியின் பின்வண்டிகள் ரெயிலேறின. 1955-இல் இதற்கெனவே டிரெய்லர் டிரெயின் என்ற கம்பெனி ஏற்பட்டது. அந்நாட்டில் பொம்மை ரெயில் அமைப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள், இந்த வாகன்களையும் பின்வண்டிகளையும் உண்மை அளவில் 87-இல் ஒரு பங்காகச் செய்து ஓட்டுகிறார்கள். விளையாட்டுச் சாமானிலும் ஒரு தேசத்தின் தொழில் சரித்திரம் தங்கியிருப்பதை இதில் காண்கிறோம்.

இனி ஆட்சேபணைகளைப் பார்ப்போம். முதலாவது உயரம். சட்டப்படி சாதாரண சரக்கு லாரி 4 மீட்டர் வரை உயரலாம். தட்டை வாகனின் தளம் தண்டவாளத்திலிருந்து ஏறக்குறைய 1.2 மீட்டர். இரண்டும் சேர்ந்தால் 5.2 மீட்டர். நமது பாதைகளில் மின்சாரக் கம்பியோ பொதுவாகச் சுமார் ஐந்தரை மீட்டர் உயரத்தில் 25,000 வோல்ட் அழுத்தத்துடன் செல்கிறது. ஆகவே உயரமாகப் பாரம் ஏற்றிய லாரிக்கு இடமில்லை. தாழ்ந்த தளமுடைய வாகன்கள் வேண்டும். மேற்குச் சரக்குப் பாதையில் கம்பியை ஏழரை மீட்டர் உயரத்தில் கட்டியிருப்பதால் அங்கே இத்தொல்லை இல்லை.

இரண்டாவது, சரக்கோடு லாரியின் எடையையும் சுமப்பது வீண் என்பது. இதில் நியாயம் உண்டு. பெட்டகங்களில் அடைத்து அனுப்பக்கூடிய சரக்கைப் பெட்டகத்திலேயே அனுப்புவது சிக்கனம். ஆனால் தறிக்காரர் வாசலில் ஏற்றி வியாபாரியின் வாசலில் இறக்க வேண்டிய சிறு பாரத்துக்கு, இரு முனையிலும் லாரி தேவை. அதற்கு இம்முறையே பொருந்தும்.

மூன்றாவதே மிக முக்கியமானது, அது காலந்தவறாமை. ஸ்விட்ஸர்லாந்தில் 1994-இல் ஜனங்கள் வாக்களித்தே, மலைகளைக் கடக்கும் அன்னியச் சரக்கை ரெயிலுக்கு மாற்றத் தீர்மானித்தனர். அத்தேசத்தின் வழியே, ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கிலிருந்து இத்தாலியின் நொவாராவுக்குப் பல்லாண்டு லாரிகளைச் சுமந்து வந்த கம்பெனியே, 2025-இல் அந்தப் போக்குவரத்தை நிறுத்த முடிவு செய்தது. பாதையில் அடிக்கடி நேர்ந்த தடங்கல்களால் வண்டிகள் ரத்தானதும், வருமானம் குன்றியதும் காரணங்கள். சர்க்கார் உதவிப்பணம் இருந்தும் இக்கதி நேர்ந்ததை நமது ரெயில்வே அதிகாரிகள் மறக்கலாகாது. வாகன் நிரம்பும் வரையில் லாரியை நிறுத்தி வைத்தால், கடன் தவணை கட்டும் லாரி முதலாளி ஒரு முறை வருவார். மறுமுறை சாலையிலேயே போய்விடுவார்.

ஆகவே நாம் கேட்பது ஆடம்பரமான திட்டமன்று. சங்ககிரியில் சாய்தளம் ஒன்று அமைத்து, வடக்கே செல்லும் ஒரு மார்க்கத்தில், வாரத்தில் குறித்த நாட்களில் குறித்த நேரத்தில் புறப்படும் ரெயிலைப் பரீட்சார்த்தமாக நடத்தலாகுமா என்று தெற்கு ரெயில்வே அதிகாரிகள் கணக்கெடுக்கட்டும். லாரி முதலாளிகளின் சங்கங்கள், எத்தனை லாரிகள், எவ்வளவு உயரம், என்ன கூலி கட்டும் என்ற விவரங்களைத் திரட்டிக் கொடுக்கட்டும். குமாரபாளையத்து என்ஜினீயரிங் கல்லூரி மாணவர்கள், பாதை, கம்பி, வாகன், லாரி யாவற்றையும் சிற்றளவில் மாதிரியாகச் செய்து, எந்த லாரி நுழையும், எது நுழையாது என்று காட்டினால், அது விளையாட்டு மட்டுமன்று, தேசத் தொண்டுமாகும்.

டிரைவர் தொழிலுக்கு வாலிபர்கள் வருவதில்லை என்று லாரி முதலாளிகள் குறைகூறுகின்றனர். வாரக்கணக்கில் வீட்டை மறந்து, தூக்கம் கெட்டு ஓட்டும் தொழிலுக்கு யார் வருவார்? கொங்கணத்து டிரைவருக்குக் கிடைக்கும் ஓர் இரவு நித்திரையைச் சங்ககிரி டிரைவருக்கும் கிடைக்கச் செய்தால், அந்தக் குறையில் ஒரு பகுதியேனும் தீரும் என்பது நமது அபிப்பிராயம்.