கொழுப்பு சுரக்கும் காவல் புரதம்

‘சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, சரி. காய்ச்சலோ புண்ணோ இல்லாதபோது ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. ஏன் கூடியிருக்கிறது?’ என்று கேட்டிருக்கிறார் காரைக்குடி வாசகர் ஒருவர். காரணங்கள் பல இருக்கலாம்; அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு காரணத்தைப் பெல்ட்டின் கடைசித் துளையிலும் தேடலாம்.

வெள்ளையணுக்களும் ஆன்டிபாடிகளும் எல்லோரும் அறிந்தவை. அதிகம் பேசப்படாதவை ‘காம்ப்ளிமென்ட்’ எனப்படும் நிரப்புப் புரதங்கள். முப்பதுக்கும் மேற்பட்டவை, பெரும்பாலும் கல்லீரலில் உருவாகின்றன. ஒன்று இன்னொன்றை வெட்டி எழுப்ப, அது அடுத்ததை எழுப்ப, கடைசியில் கிருமியின் சவ்வில் ஓட்டை விழும். இவற்றை ஆராய்ந்த ஜூல் போர்டேவுக்கு 1919-க்கான நோபல் பரிசு கிடைத்தது.

இவற்றில் சி3 புரதம் லிட்டர் சீரத்தில் ஏறக்குறைய 1 கிராம் இருக்கும். திருடன் வந்தாலும் வராவிட்டாலும் இரவெல்லாம் விசில் ஊதிக்கொண்டே போவாரே எங்கள் தெருக் கூர்க்கா, அவரைப் போல சி3 எந்நேரமும் கொஞ்சம் கொஞ்சமாக விழித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சிறு விழிப்பைப் பெருந்தாக்குதலாக மாற்ற ‘டி காரணி’ என்ற நொதி வேண்டும். அதன் அளவோ சி3-இல் ஆயிரத்தில் ஒரு பங்குதான்.

எனக்குப் பிடித்த விநோதம் இந்த நொதியின் பிறப்பிடம். 1987-இல் அமெரிக்காவில் புரூஸ் ஸ்பீகல்மன் குழு, எலியின் கொழுப்புச் செல்கள் ‘அடிப்சின்’ என்ற புரதத்தை ரத்தத்தில் சுரப்பதைக் காட்டியது. மனிதரின் அடிப்சினும் டி காரணியும் ஒன்றே என்பது 1992-இல் உறுதியானது. சேமிப்புக் கிடங்கு என்று நாம் நினைத்த கொழுப்பு, காவல் படைக்கும் ஆள் அனுப்புகிறது! 2014-இல் அதே குழு இன்னொன்றையும் காட்டியது: அடிப்சினின் வேலையால் சி3-இலிருந்து பிரியும் சி3ஏ என்ற துண்டு, கணையத்தின் பீட்டா செல்களை இன்சுலின் சுரக்கத் தூண்டுகிறது. அடிப்சின் இல்லாத எலிகளுக்குக் கொழுப்புணவு கொடுத்தபோது இன்சுலின் குறைந்தது.

கொழுப்பு அளவு மீறினால் கதை மாறுகிறது. கொழுப்புச் செல்கள் உப்பினால் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்கள் அங்கே கூடுகின்றன. டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற அழற்சிப் புரதம் பெருகி, இன்சுலின் தரும் கட்டளையைச் செல்லுக்குள்ளேயே குலைக்கிறது. பருத்த எலிகளில் இது 1993-இலேயே தெரியவந்தது. ஐ.எல்.-6 என்ற இன்னொரு அழற்சிப் புரதம் கல்லீரலுக்குப் போய் சி.ஆர்.பி.யைக் கூட்டச் சொல்கிறது. பருமனும் இன்சுலின் தடையும் உள்ளவர்களிடம் சி3-யும் கூடுதலாகக் காணப்படுகிறது. கிருமி இல்லாமலே ஒரு மெல்லிய போர்!

இந்த நிலையில் ‘எதிர்ப்பு சக்தி கூட்டும்’ பொடியையும் சர்க்கரை கலந்த லேகியத்தையும் டப்பா டப்பாவாக வாங்குகிறோம். எதிர்ப்பு சக்தி கூடக் கூட நல்லது என்பது வியாபாரிகளின் கணக்கு. உடம்புக்கு வேண்டியது அளவான எதிர்ப்பு, நேரத்துக்கு ஓய்வு.

‘நான் ஒல்லிதானே’ என்பவர்களுக்கும் ஒரு செய்தி. புனே மருத்துவர் யாஜ்னிக், பிரிட்டிஷ் மருத்துவர் யட்கின் இருவருக்கும் உடல் நிறை எண் ஒன்றாகவே இருந்தது: 22.3. உடற்கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. இந்த ஒப்பீடு 2004-இல் லான்செட் இதழில் வெளியானது. எடை மெஷின் இதைச் சொல்லாது.

இந்திய உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் இடுப்புச் சுற்றளவே எல்லை. அடுத்த டப்பா வாங்குமுன், தையல்காரரின் டேப்பால் ஒருமுறை அளந்துபாருங்கள்.