மோட்டாருக்கு மாளிகை வேண்டுமா?

கலை வளரும் இடத்தில் மோட்டார் வண்டிகளுக்கென்று மாளிகை எழும்புவது விசித்திரமே. கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் அத்தகையவை சில உண்டு. அவற்றுள் ஒன்றைப் பூமிக்கடியில் நிர்மாணித்து, மேலே புல் மைதானத்தை வைத்திருக்கிறார்கள். நிலம் மிச்சம், கண்ணுக்கும் குளிர்ச்சி. ஆனால் பூமிக்கடியில் பகலிலும் விளக்கெரிய வேண்டும். புகையை வெளியேற்ற விசிறி சுழல வேண்டும். நாற்புறமும் திறந்த கட்டடத்திலோ, சூரியனும் காற்றும் இவ்வேலையைக் கூலியின்றிச் செய்கின்றன. கூரையில் சூரியத் தகடுகள் பதித்தால் மின்சாரமும் கிடைக்கும். வண்டிகளுக்கு நிழலும் ஆகும்.

எனினும் சிமெண்டு சிமெண்டே. சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு அதைத் தயாரிக்கும்போதே ஏராளமான கரியமிலவாயு வெளிப்படுகிறது. ஆகவே கட்டடத்தின் தேவையையே குறைப்பதுதான் மேலான உபாயம். 2000-ஆம் ஆண்டில் ஸாந்தா கிளாரா ஜில்லா நிர்வாகம் அச்சர்வகலாசாலையின் விஸ்தரிப்புக்கு அனுமதி தருகையில், நெருக்கடி வேளைகளில் மோட்டார்ப் போக்குவரத்து அதிகரிக்கலாகாது என்று நிபந்தனை விதித்தது. சர்வகலாசாலையோ வண்டி நிறுத்தக் கட்டணம் வாங்கிற்று. தனியே மோட்டாரில் வராதவர்களுக்குச் சன்மானம் அளித்தது. எவரும் ஏறத்தக்க இலவச பஸ்களையும் ஓட்டிற்று. அந்த பஸ்களுக்கு ‘மார்கரீட்’ என்று பெயர். முற்காலத்தில் அங்கே வண்டியிழுத்த குதிரையின் பெயராம் அது!

மாளிகைக்குக் கடைக்கால் தோண்டுமுன், எத்தனை வண்டிகளை வராமலிருக்கச் செய்யலாம் என்று கணக்கிடுவதே விவேகம் என்பது நமது அபிப்பிராயம்.