காடாக நிற்கும் காணி வீண் காணியா?



வெள்ளவத்தையில் நான் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் இடத்துக்கு ஒருநாள் ஒரு சகோதரி வந்தார். வகுப்பு முடியும்வரை வெளியே காத்திருந்து, பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஹஸ்ரத், வாப்பாட காணி ஒன்டு இருக்கு. நானாமார் விக்கச் சொல்றாங்க. எனக்கு மனசில்ல. என்ட பங்கை அப்படியே காடா விட்டா குத்தமா?"

விசாரித்தேன். மத்துகம பக்கம் 5 ஏக்கர் காணி. ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். வாப்பாவுக்கு வயதாகிப் பால் வெட்டுவது நின்று போய்விட்டது. பிறகு ரப்பர் மரங்களுக்கிடையே பலாவும் கித்துளும் கொறுக்காயும் தாமாகவே முளைத்து, இப்போது உள்ளே போனால் வெயில் தெரியாதாம். கீழே ஒரு நீரோடை. பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பெண்கள் அதில்தான் துணி துவைக்கிறார்கள். வாங்க வந்தவரோ மேட்டை வெட்டிச் சமப்படுத்தி, துண்டு துண்டாகப் பிரித்து விற்கப் போகிறாராம்.

நானாமார் இருவரும் கெட்டவர்கள் அல்லர். ஒருவருக்கு மகளின் திருமணம் முன்னால் நிற்கிறது. மற்றவருக்கு வியாபாரக் கடன். உம்மாவும் வபாத்தாகிவிட்டதால் ஆண்களுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒன்று என்ற கணக்கில் அவர்களுக்குத் தலா 2 ஏக்கர், இவருக்கு 1 ஏக்கர். "மரம் நிற்கிற காணியால என்ன வரும்?" என்பது அவர்களது கேள்வி. நம்மில் பலரும் அப்படித்தானே கேட்கிறோம்!

மஸ்அலாவைச் சொல்லுமுன் அவருக்கு ஒரு மனிதரின் கதையைச் சொன்னேன்.

கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் பரப்பா என்று ஓர் ஊர். அது அப்துல் கரீம் என்பவரின் மனைவியுடைய ஊர். மனைவி வீட்டுக்குப் போய்வரும்போதெல்லாம் அங்கிருந்த ஒரு மொட்டைக் குன்றை அவர் பார்ப்பார். செம்பாறை நிலம், புல்லும் சரியாக முளைக்காது. 1977ஆம் ஆண்டு அதில் 5 ஏக்கரை 3,750 ரூபாவுக்கு வாங்கினார். மரம் நடப் போகிறார் என்று கேள்விப்பட்ட ஊரார் அவருக்குப் பைத்தியம் என்றே முடிவு கட்டினார்கள். முதலில் நட்ட கன்றுகளெல்லாம் கருகின. காணியில் இருந்த கிணற்றில் பேருக்குத்தான் தண்ணீர். அவரோ மோட்டார் சைக்கிளில் தண்ணீரைக் கட்டிக்கொண்டு வந்து ஊற்றினார். மூன்றாவது வருடமளவில் சில கன்றுகள் பிழைத்தன. பறவைகள் வந்தன. அவை கொண்டுவந்து போட்ட விதைகளும் முளைத்தன. பிறகு அடுத்துள்ள நிலத்தையும் வாங்கிச் சேர்க்க, எல்லாமாக 32 ஏக்கர் ஆயிற்று.

இதில் கவனிக்க வேண்டியது கிணறு. வற்றிக் கிடந்த கிணற்றில் நீர் ஏறியது. சுற்றியிருந்த வீட்டுக் கிணறுகளிலும் ஏறியது. குடத்தோடு தூரம் நடந்து பழகிய பெண்களைக் கேட்டால் இதன் பெறுமதி தெரியும். அந்தக் காட்டை உல்லாசப் பூங்காவாக ஆக்கலாமே என்று யோசனை சொன்னவர்களுக்கு அவர் இணங்கவில்லை. குடும்பத்தோடு அந்தக் காட்டுக்குள்ளேயே குடியேறினார்.

இனி அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருவோம். நிலத்தைச் சும்மா போட்டு வைப்பதை மார்க்கம் விரும்பவில்லை என்று சிலர் சொல்வார்கள். தரிசு நிலத்தை உயிர்ப்பிப்பவருக்கு அதில் உரிமை உண்டு என்பது நமது பிக்ஹு நூல்களில் தனிப் பாடம். நானும் அதைக் கற்பித்திருக்கிறேன். ஆனால் அந்தப் பாடம் பேசுவது இறந்த நிலத்தைப் பற்றி. ஓடைக்கு நீர் கொடுத்து, பறவைக்குப் பழம் கொடுத்து நிற்கும் காணி எப்படி இறந்த நிலமாகும்? நட்ட மரத்திலிருந்து பறவை தின்பதும் நட்டவருக்கு தர்மமாக எழுதப்படுகிறது என்பது நம் வீட்டுச் சிறுபிள்ளைக்கும் தெரிந்ததுதான். நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு அருகே நகீஃ என்ற மேய்ச்சல் வெளியைக் குதிரைகளுக்கென ஒதுக்கி 'ஹிமா' ஆக்கினார்கள். மதீனாவின் எல்லைக்குள் மரம் வெட்டுவதையும் தடுத்தார்கள். ஆக, ஓர் இடத்தைப் பொதுநலனுக்காகத் தொடாமல் வைப்பது நமக்குப் புதிதல்ல.

அடுத்தது வக்ஃபு. கைபரில் தமக்குக் கிடைத்த நல்ல நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரழி) அவர்கள் கேட்டபோது, மூலத்தை நிறுத்தி வைத்து அதன் பலனைத் தர்மம் செய்யும் வழி காட்டப்பட்டது. விற்கக் கூடாது, அன்பளிப்புச் செய்யக் கூடாது, வாரிசாகப் போகவும் கூடாது. நம் நாட்டில் வக்ஃபு என்றால் பள்ளிவாசலும் கடைத்தொகுதியும் மையவாடியுமே நினைவுக்கு வருகின்றன. இந்தோனேசியாவில் ஆச்சே மாநிலத்தின் ஜந்தோ என்ற இடத்தில் 2012 முதல் பொதுமக்களிடம் சிறு சிறு நன்கொடை சேர்த்து, பாழ்பட்ட நிலத்தை வாங்கி, 'வக்ஃபுக் காடு' என்றே வளர்க்கிறார்கள். பின்னர் ஜாவாவில் போகோர் பக்கமும் அதே பெயரில் தொடங்கியிருக்கிறார்கள். பள்ளிக்கு ஒரு பாய் வாங்கக் கொடுக்கும் பணத்தை ஒரு துண்டு காட்டுக்குக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

கொழும்பில் இருக்கும் நமக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். 2010 நவம்பர் மழையில் கோட்டேயிலுள்ள நாடாளுமன்றக் கட்டடத்தையே வெள்ளம் சூழ்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2016 மே மாதத்தில் கொலன்னாவையிலும் வெல்லம்பிட்டியிலும் வீடுகள் மூழ்க, பள்ளிவாசல்களில் இரவும் பகலும் சோறு சமைத்தோம். கொழும்பைச் சுற்றிய சதுப்பு நிலங்கள் கடற்பஞ்சு போல மழைநீரை உறிஞ்சி வைப்பவை. அவற்றை மண் போட்டு நிரப்ப நிரப்பத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. எஞ்சிய சதுப்பு நிலங்களுக்காகவே 2018இல் கொழும்புக்கு ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. பெத்தகானையில் பலகைப் பாதை போட்டு அத்தகைய ஓர் இடத்தைப் பூங்காவாகப் பேணுகிறார்கள். பிள்ளைகளைக் காலிமுகத்திடலுக்கே திரும்பத் திரும்பக் கூட்டிப் போகாமல் ஒருமுறை அங்கும் கூட்டிப் போங்கள். காலையில் போனால் கொக்கும் நீர்க்காகமும் பார்க்கலாம்.

சகோதரிக்கு நான் சொன்னது இதுதான். முதலில் நில அளவையாளரை வைத்து அளந்து, பங்கு பிரித்து, உங்கள் 1 ஏக்கர் எது என்று உறுதியில் எழுதிக்கொள்ளுங்கள். பங்கு பிரியாத காணியில் சண்டைதான் வளரும். பிரிந்த பிறகு அது உங்கள் சொத்து. காடாக வைக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வக்ஃபு செய்வதானால் அவசரப்படாதீர்கள். செய்தபின் திருப்பி எடுக்க முடியாது. உங்களுக்கும் ஒரு மகள் இருக்கிறாள். வீடோ வாடகை வீடு. மரணத்துக்குப் பின் என்று வஸிய்யத் எழுதினால் சொத்தில் மூன்றிலொன்றுக்கு மேல் போகக் கூடாது. நானாமார்மீதுள்ள கோபத்தில் செய்யவே கூடாது. அபூ தல்ஹா (ரழி) அவர்கள் தமக்கு மிக விருப்பமான பைருஹா தோட்டத்தைக் கொடுக்க முன்வந்தபோது, அதை உறவினருக்கே கொடுக்கும்படி நபியவர்கள் சொன்னதையும் நினைவில் வையுங்கள்.

பார்ப்பதற்கு ஆள் இல்லாத வக்ஃபு வேலி இல்லாத காணிதான். 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்ஃபுச் சட்டம் நம்பிக்கையாளர், பதிவு என்றெல்லாம் வகை செய்துள்ளது. ஆனால் பத்திரத்தைப் பார்த்து யாரும் மரம் வெட்டாமல் போவதில்லை. ஓடையில் துணி துவைக்கும் பெண்களிடம் பேசுங்கள். காவல் அவர்கள்தான். பலா மரத்தை வெட்ட நம் நாட்டில் அனுமதி வேண்டும் என்பதை நானாமாருக்கும் ஞாபகப்படுத்துங்கள் என்றேன், சிரித்துவிட்டார். (பாணந்துறையின் ஆர்தர் வி. டயஸ் ஊரெங்கும் பலா நட வைத்து 'கொஸ் மாமா' என்று பெயர் வாங்கியவர். நமது பிள்ளைகளுக்கு அவரைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறோமா?)

சில மாதங்கள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். காணியை அளந்துவிட்டார்களாம். ஓடைப் பக்கத்து 1 ஏக்கரை, மேடு பள்ளம் என்று விலை குறைந்த பகுதி என்பதால், நானாமார் மகிழ்ச்சியோடு விட்டுக்கொடுத்தார்களாம். இளையவர் தமது பங்கை விற்றுவிட்டார். மூத்தவர் மகளின் திருமணம் முடியட்டும் என்று நிறுத்தி வைத்திருக்கிறார். தான் இன்னும் வக்ஃபு எழுதவில்லை, மகளோடு பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அதற்கிடையில் ஒரு சந்தேகம்: கொறுக்காய் பழுத்துக் கொட்டுகிறது, பொறுக்கலாமா?

இப்போது அது உங்கள் சொந்தக் காணிதானே, தாராளமாகப் பொறுக்குங்கள் என்றேன். அடுத்த வாரம் காயவைத்த கொறுக்காய் ஒரு பை நிறைய எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.