முதிரைப் பாலமும் மலைநாட்டுப் படமும்

பேராதனையில் மகாவலி ஆற்றுக்குக் குறுக்கே 1833இல் கட்டிய முதிரைமரப் பாலத்துக்காகத்தான் ஜோன் பிரேசர் என்ற படையதிகாரியின் பெயர் இன்றும் அடிபடுகிறது. 205 அடி அகலத்தை ஒரே வளைவில், ஆணியே இல்லாமல் தாண்டிய அந்தப் பாலம் 1905 வரை நின்றது. வியக்கத்தக்க வேலைதான். ஆயினும் கண்டியின் தலைவிதியை மாற்றியது, 1862இல் லண்டனில் அச்சான அவருடைய இலங்கை வரைபடமும் அதற்காக நடந்த மலைநாட்டு அளவையுமே. கண்டியைப் பீரங்கி பிடித்தது, வீதி அடக்கியது, விற்பனைக்குத் தோதாக்கியது அளவை.

கண்டி 1815இலேயே வீழ்ந்துவிட்டதே, பிந்தி வந்த படத்துக்கு ஏன் இத்தனை பெருமை என்று கேட்கலாம். பிடித்தால் மட்டும் போதாது, நிலம் தெரிந்திருக்கவேண்டும். 1803இல் நகருக்குள் புகுந்த ஆங்கிலேயர், திரும்பும் வழியில் வட்டப்புளுவையில் பெருக்கெடுத்த மகாவலியைக் கடக்க முடியாமல் சரணடைந்து மாண்டார்கள். பாதைகளை அகலப்படுத்த விடாத கண்டி மன்னர்களுக்குக் காடே அரண். அந்தக் காட்டுக்குள் 1830களில் பிரேசரின் கீழ் அளவைக்குப் போன தோமஸ் ஸ்கின்னர், முகடுகளை இணைத்த யானைத் தடங்களையே வழியாகக் கொண்டார். சிகரத்துக்குச் சிகரம் கோணம் எடுக்க முகில் விலகவேண்டும். அதற்குக் குளிரில் காத்துக்கிடக்கவேண்டும். உரிமை காட்ட முடியாத காடும் சேனை நிலமும் முடிக்குரியவை என்றது 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். அப்படி முடிக்குரியதான நிலம் கோப்பித் தோட்டங்களுக்கு விற்கப்பட்டது. கோப்பித் தோட்டத் துண்டுகளைப் பிரேசர் அளக்கவில்லை என்பது நியாயமான மறுப்பு. ஆனால் எந்தத் துண்டு எந்தப் பள்ளத்தாக்கில், எந்த வீதிக்கு அருகே என்று தெரியாமல் யார் முதல் போடுவார்? அந்தத் தோட்டங்களில் உழைக்க மாத்தளை வழியாக நடந்துவந்த தமிழருக்கோ அந்தப் படங்களில் ஒரு சாண் நிலமும் இல்லை.

அதற்காக அறிவியலைப் பழிப்பதா? பிரான்சில் லொஸ்தா என்பவர் 1850களில் ஒளிப்படத்தை அளவைக்குப் பழக்கினார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1956இல், கனடாவின் ஹண்டிங் நிறுவனம் இலங்கையை விமானத்திலிருந்து படமெடுத்தது. அடுத்தடுத்த இரு படங்களைச் சேர்த்துப் பார்த்தால் மலையின் உயரமே தெரியும். மகாவலி வடிநிலத்தின் வளங்களைப் பற்றி 1962இல் வந்த அறிக்கைக்கு அந்தப் படங்கள் உதவின. பிறகு பொல்கொல்லை, விக்டோரியா அணைகள் வந்தன. நாட்டுக்கு மின்சாரமும் வயலுக்கு நீரும் கிடைத்தன. இந்த நன்மையை மறுக்க முடியாது. ஆனால் வானத்துக் கமராவுக்குக் கூரை தெரியும், குடியிருப்பவரின் உரிமை தெரியாது. விக்டோரியா நீர்த்தேக்கத்தில் பழைய தெல்தெனிய நகரம் மூழ்கியபோது, யாருக்கு மாற்றுக் காணி என்பதை அந்தப் படங்களைப் பார்த்து முடிவுசெய்திருக்க முடியாது. அதற்கு வீடுவீடாகப் போய்த்தான் கேட்கவேண்டும்.