மீனம்பாக்கத்திலிருந்து இலண்டனுக்கு எத்தனை மணி நேரம்?

மயிலாப்பூரில் வாழும் மூதாட்டி ஒருவர் இலண்டனிலுள்ள மகளைக் காணப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். குளிர்காலம். காலை 5.30 மணிக்கு மீனம்பாக்கத்தில் கிளம்பும் விமானம், அன்று முற்பகல் 11 மணிக்கு ஹீத்ரோ விமான நிலையத்தை அடையும் என்கிறது பயணச்சீட்டு. ஐந்தரை மணி நேரந்தானே என்று அவர் மகிழ்கிறார். திரும்பும் சீட்டைப் பார்த்ததும் திகைக்கிறார். பிற்பகல் 1 மணிக்குப் புறப்பட்டால், மறுநாள் விடியற்காலை 4.30 மணிக்குத்தான் சென்னை வந்து சேரலாம். பதினைந்தரை மணி நேரம்! போகும்போது அருகிலிருந்த ஊர் வரும்போது விலகிப்போயிற்றா?

ஊர் விலகவில்லை, கடிகாரமே மாறியது. பயணச்சீட்டில் அந்தந்த ஊரின் நேரமே குறிக்கப்படும். பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. நம் நாட்டின் நேரம் கிழக்கு 82½ பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டது. இங்கிலாந்தின் நேரம் கிரீனிச்சிலுள்ள சுழிக் கோட்டைக் கொண்டது. ஆகவே நாம் ஐந்தரை மணி முந்தியிருக்கிறோம். கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைப்பதால் வேறுபாடு நாலரை மணியாகும்.

இதை அறிய எளிய கணக்கு ஒன்றுண்டு. சீட்டில் காணும் இரு கால அளவுகளையும் கூட்டுங்கள். ஐந்தரையும் பதினைந்தரையும் இருபத்தொன்று. ஒரு முறை கழிந்த வேறுபாடு மறுமுறை கூடிவிடுவதால் அது நீங்கிவிடுகிறது. போகவும் வரவும் ஆகும் உண்மையான பறக்கும் நேரம் 21 மணி. போக 11, வர 10.

அந்த ஒரு மணி வேற்றுமை ஏன்? வானில் 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே விரைந்தோடும் காற்று ஒன்றுண்டு. மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேலும் அது வீசுவதுண்டு. குளிர்காலத்தில் வலிமை மிகும். போகும் விமானத்தை அது எதிர்க்கிறது. வரும் விமானத்தை உந்துகிறது.

தொலைவோ இரு திசையிலும் ஒன்றே. பூகோள உருண்டையில் இரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அதுவே மிகக் குறுகிய வழி: ஏறத்தாழ 8,230 கிலோமீட்டர். தட்டையான படத்தில் அவ்வழி வடக்கே வளைந்து தோன்றும். ஆயினும் போர் நிகழும் நாடுகளின் வான்வெளியை விலக்கிச் செல்ல நேர்ந்தால் பயணம் நீளும்.

இக்கணக்கு வெறும் வேடிக்கைக்கன்று. எட்டு மணிக்கொரு முறை மருந்து உண்பவர் சுவர்க் கடிகாரத்தை நம்பினால் ஒரு வேளை தவறிவிடலாம். அவர் எண்ண வேண்டியது கழிந்த மணிகளையே. நீரிழிவுக்கு இன்சுலின் ஏற்றிக்கொள்பவர் புறப்படுமுன் மருத்துவரிடம் நேர அட்டவணை கேட்டு எழுதிக்கொள்வது நலம். மூதாட்டியின் கைப்பையில் பயணச்சீட்டுடன் அந்தத் தாளும் இருக்கட்டும்.