தார்த் துளியும் வண்டியின் வண்ணப்பூச்சும்

சேலத்திலிருந்து நாமக்கல், பரமத்தி வேலூர் வழியாகக் கரூர் செல்லும் நெடுஞ்சாலையில் எங்கேனும் புதிதாகத் தார் போட்டிருக்கும் நாளில், அவ்வழியே வந்த வண்டிகளைச் சற்று உற்றுப் பாருங்கள். சக்கரங்களுக்குப் பின்புறமும் கதவின் அடிப்பகுதியிலும் மிளகு தூவியது போலக் கரும்புள்ளிகள் தென்படும். சுழலும் டயரில் ஒட்டிய தார், பிடி தளர்ந்த கணத்தில் வட்டப் பாதையை விட்டுத் தொடுகோட்டுத் திசையில் தெறிக்கின்றது. அதன் வழியில் முதலில் எதிர்ப்படும் தகடு அதனை ஏற்றுக்கொள்கின்றது.

லாரிக்குக் கூண்டு கட்டுவதில் பெயர்பெற்ற நாமக்கல்லில் இப்புள்ளிகள் ஒரு தீராத தொல்லை. அவற்றைப் போக்க ஒருவர் சோப்புத் தண்ணீரால் தேய்ப்பார், தார் அசையாது. மற்றொருவர் பிளேடால் சுரண்டுவார். தாருக்குள் புதைந்திருக்கும் மணலும் கல் துகளும் பெயிண்டைக் கீறிவிடும். பொறுமை இழந்த மூன்றாமவர் தின்னரை எடுப்பார். தாரோடு பெயிண்டும் துணியில் வந்துவிடும். மூவருக்கும் நேர்ந்தது என்ன என்பதை அறிய, தாரையும் பெயிண்டையும் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

நிலக்கரியைக் காற்றுப் படாமல் சூடாக்கும்போது கிடைப்பதே உண்மையில் தார். இன்று சாலைக்கு இடுவது பெரும்பாலும் அதுவன்று. கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் முதலியவற்றை வடித்தெடுத்த பின் அடியில் எஞ்சும் பிட்டுமென் என்னும் நிலக்கீல் அது. ஊர் வழக்கில் இரண்டும் தார்தான். நாமும் அப்படியே வழங்குவோம். நம் சாலைகளில் பரவலாகப் பயன்படும் வி.ஜி. 30 என்னும் தரம் 47° செ.க்குக் கீழே இளகக் கூடாது என்பது இந்தியத் தர விதி. ஆனால் சித்திரை, வைகாசி வெயிலில் கரிய சாலையின் மேற்பரப்பு 60° செ.ஐயும் தாண்டுவதுண்டு. சரளையில் சரியாகப் பிணையாத தார் அப்போது டயரோடு கிளம்பிவிடுகின்றது.

தாரின் எடையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கரி. எஞ்சியதில் பெரும்பகுதி ஹைட்ரஜன். அதன் மூலக்கூறுகளுக்கு நீர் அந்நியம், எண்ணெய் உறவு. இயல்பு ஒத்த பொருளே ஒன்றையொன்று கரைக்கும் என்பது வேதியியலில் பழம்பாடம். ஆதலின் சீமெண்ணெய் என்று நாம் வழங்கும் மண்ணெண்ணெயில் தார் கரைகின்றது. முழுவதும் கரைகின்றதா என்றால், இல்லை. தாரில் எளிய எண்ணெய்ப் பகுதியோடு, அஸ்பால்டீன் எனப்படும் கனத்த வளைய மூலக்கூறுகளும் உண்டு. இவை டொலுயீனில் நன்கு கரையும். மண்ணெண்ணெயில் அரைகுறையாகவே இறங்கும். ஒருமுறை துடைத்த இடத்தில் பழுப்பாக ஒரு தீற்றல் எஞ்சுவதைக் கண்டு பெயிண்டு கெட்டுவிட்டதோ என்று பலர் பதறுவர். அத்தீற்றல் பெரும்பாலும் இந்த அஸ்பால்டீனே. துணியின் புதிய பக்கத்தால் மீண்டும் துடைத்தால் போய்விடும்.

அப்படியானால் டொலுயீன் கலந்த தின்னரே மேலல்லவா? இங்கேதான் சிக்கல். தாரைப்போலப் பெயிண்டின் பிசினும் கரிமப் பொருளே. தாரை விடாத கரைப்பான் பெயிண்டையும் விடாமல் போகலாம். அது பெயிண்டு உலர்ந்த விதத்தைப் பொறுத்தது. பழைய அம்பாசடர், பியட் கார்களில் அடித்த டூகோ என்னும் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு, கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே உலர்வது. அதன் நீண்ட மூலக்கூறுகள் தறியில் ஏற்றாத நூல்போலத் தனித்தனியே கிடக்கின்றன. தின்னர் பட்டால் மறுபடியும் கரைந்து ஓடும். லாரிகளுக்கு அடிக்கும் எனாமல் வேறு வகை. அதிலுள்ள எண்ணெய் காற்றின் ஆக்சிஜனை ஏற்று மூலக்கூறுகளுக்கிடையே முடிச்சுப் போடுகின்றது. நெய்த துணியிலிருந்து ஓர் இழையை மட்டும் உருவ இயலாதது போல, முடிச்சு விழுந்த எனாமலைக் கரைப்பது கடினம். ஆனால் இம்முடிச்சுகள் முழுமையாக வாரக்கணக்கில் ஆகும். நேற்று அடித்த எனாமலில் தின்னர் பட்டால் பூச்சு ஊறிப் பருத்துச் சுருங்கிவிடும். தொழிற்சாலையில் சூடேற்றி இறுக்கிய இன்றைய கார்ப் பூச்சு இவற்றினும் உறுதியானது. மண்ணெண்ணெய் அதனை ஒன்றும் செய்யாது. தின்னர் பளபளப்பை மங்கச் செய்யும்.

முறை எளிதே. வண்டியை நிழலில் நிறுத்தி, முதலில் நீரால் மண்ணை அலசிவிட வேண்டும். மறைவான ஓரிடத்தில் சோதித்துப் பார்த்தபின், பனியன் துணியில் மண்ணெண்ணெய் நனைத்துப் புள்ளியின்மேல் இரண்டு மூன்று நிமிடம் ஒத்தி வைக்க வேண்டும். தேய்க்கும் வேலையைக் காலத்திடம் விட்டுவிடலாம். தார் இளகியதும் வழித்தெடுத்து, சோப்பு நீரால் கழுவ வேண்டும். பூச்சின்மேல் இருந்த மெழுகும் கரைந்திருக்குமாதலால் பிறகு மெழுகு பூசுவது நன்று. மண்ணெண்ணெய் கிடைக்காத இடத்தில் கடலை எண்ணெயும் உதவும். அரை மணி நேரம் காத்திருக்க மனம் வேண்டும். கையில் ஒட்டிய தாருக்கு அதுவே சிறந்தது. டீசலில் கை கழுவும் பட்டறைப் பையன்களின் விரல்கள் வெடித்துக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தோலின் இயற்கையான கொழுப்பையும் டீசல் கரைத்துவிடுகின்றது.

நிழலில் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. தீப்பொறி பட்டால் பற்றும் அளவுக்கு ஆவியை ஒரு திரவம் எந்த வெப்பநிலையில் வெளிவிடத் தொடங்குகின்றதோ, அதுவே அதன் தீப்பற்று வெப்பநிலை. பெட்ரோலுக்கு இது உறைநிலைக்கும் 40 பாகை கீழே. எந்த நாளிலும் அது ஆபத்தானதே. அதன் ஆவி காற்றினும் மூன்று நான்கு மடங்கு கனமானதால் பட்டறைக் குழியில் இறங்கித் தங்கிவிடும். மண்ணெண்ணெய் பாதுகாப்பானது என்பது பொது எண்ணம். அதற்கு விதித்துள்ள குறைந்த அளவு 35° செ. வெயிலில் நின்ற கருநிறத் தகடு 60° செ.க்கு மேல் கொதிக்கும்போது, அதன்மீது தேய்த்த மண்ணெண்ணெயும் பெட்ரோலைப்போலவே நடந்துகொள்ளும். பக்கத்துக் கொட்டகையில் வெல்டிங் நடக்கும் இடத்தில், அல்லது சமையல் வாயு டேங்கர் அருகில், இதை மறந்துவிடக் கூடாது.

இத்தனை பாடுபடாமல் தார்மேலேயே பெயிண்டு அடித்துவிட்டால் என்ன? எப்.சி.க்குப் போகும் அவசரத்தில் இப்படிச் செய்வோர் உண்டு. தாரின் எண்ணெய்ப் பகுதி புதிய பூச்சுக்குள் மெல்லப் பரவி மேலேறும். சில வாரங்களில் வெள்ளைக் கதவில் பழுப்பு வட்டங்கள் மலரும். இன்னொரு கோட்டிங் கொடுத்தால் அதிலும் ஏறும். தாரை எடுக்கவே முடியாத இடங்களில் அனுபவமுள்ள பெயிண்டர்கள் இடையே அலுமினியப் பெயிண்டு ஒரு பூச்சு அடிப்பார்கள். அதிலுள்ள நுண்ணிய உலோகச் செதில்கள் ஓடு வேய்ந்தாற்போல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்து, எண்ணெய் ஏறும் வழியை அடைத்துவிடுகின்றன.